சாக்லேட் எங்கே விளைகிறது?

வெளிநாடு போய்த் திரும்பியவனை நம் ஊரில் யாரும் "என்ன பார்த்தாய்?" என்று கேட்பதில்லை. "என்ன வாங்கி வந்தாய்?" என்றுதான் கேட்பார்கள். போய் வந்த ஊர் ஸ்விட்ஜர்லாந்து என்றால் அந்தக் கேள்விகூடக் கிடையாது. கையை நேராக நீட்டிவிடுகிறார்கள். 2025 ஜூன் மாதம் நானும் என் மனைவியும் அந்தத் தேசத்துக்குப் போய் வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் அப்படி நீண்ட கைகளை எண்ணினால் இருபதுக்குக் குறையாது. எல்லோருக்கும் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "இது எப்படி உண்டாகிறது என்று போய்ப் பார்த்தோம்" என்றும் பெருமையாகச் சொன்னேன். அந்த இரண்டாவது வாக்கியம் பொய். அதைத் திருத்தத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் பிரயாண ஏற்பாட்டாளர் கொடுத்த காகிதத்தில் ஆறாம் நாள் நிகழ்ச்சி இப்படி இருந்தது: "சாக்லேட், சீஸ் உருவாகும் விதம் நேரில் காணல். சுவைத்தல். மாலை ஹோட்டல் திரும்புதல்." காலை எட்டு மணிக்கு ஜூரிக்கிலிருந்து பஸ் கிளம்பியது. நாற்பது பேர். அவர்களில் முக்கால்வாசிப் பேர் நம்மவர்கள். சென்னை, கோவை, மதுரைக்காரர்கள். என் பக்கத்து ஆசனத்தில் ஆனைமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். அறுபத்தைந்து வயதிருக்கும். மகன் பணம் கட்டி அனுப்பியிருந்தான். பனிமலை, ஏரி, ரயில் எதற்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு மட்டும் காலையிலிருந்தே உற்சாகமாக இருந்தார். காரணத்தைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் சாக்லேட் மாளிகை. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. சொல்லி ஆவதும் ஒன்றுமில்லை. இந்த மாதிரி மாளிகைகள் அந்தத் தேசத்தில் பல இருக்கின்றன. சங்கதி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். இருட்டறை. சுவரில் மெக்ஸிகோவின் பழைய அரசர்கள் கோக்கோ பானம் அருந்துகிறார்கள். அடுத்த அறையில் ஸ்பானியக் கப்பல்கள் வந்துவிடுகின்றன. அதற்கடுத்த அறையில் ஐரோப்பியச் சீமாட்டிகள் பீங்கான் கோப்பையுடன் வீற்றிருக்கிறார்கள். அப்புறம் ஸ்விஸ் மேதைகளின் வரிசை. மெழுகுவத்தி செய்து கொண்டிருந்த டானியல் பீட்டர் 1875-இல் வெவே நகரில் சாக்லேட்டோடு பாலைச் சேர்த்தார். 1879-இல் பெர்ன் நகரில் ரோடோல்ஃப் லிண்ட், சாக்லேட்டை மணிக்கணக்கில் உருட்டிப் பிசையும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். ஒரு வார இறுதியில் இயந்திரத்தை நிறுத்த மறந்துபோய்விட, திங்கட்கிழமை வந்து பார்த்தால் வெண்ணெய் மாதிரி வழிந்ததாம். கதை நன்றாகத்தான் இருந்தது. கதை எழுதிப் பிழைப்பவன் என்கிற முறையில் அதை ரசிக்கவும் செய்தேன்.

கடைசியில் வெளிச்சமான ஒரு கூடம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன இயந்திர வரிசை அச்சுகளை நிரப்பிக் கொண்டு ஓடுகிறது. இந்தப் பக்கம் குழாயைத் திறந்தால் சாக்லேட் கொட்டுகிறது. தட்டுத் தட்டாகத் துண்டுகள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். கல்யாணப் பந்தியில்கூட நம்மவர்கள் அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஆனைமலைப் பெரியவர் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. கூடத்தின் மூலையில் ஒரு கிண்ணத்தில் காய்ந்த கோக்கோ விதைகளை வைத்திருந்தார்கள், தொட்டுப் பார்ப்பதற்காக. ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்தார். உள்ளே நிறத்தைப் பார்த்தார். மூக்கருகில் கொண்டுபோனார்.

"நல்லாப் புளிச்சிருக்குதுங்க தம்பி. வேலை தெரிஞ்சவன் போட்டிருக்கான்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். அவருடைய தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோக்கோ இருக்கிறது. பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத்தில் பல தோப்புகளில் இருக்கிறது. காய் கிளை நுனியில் தொங்காது. அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும். பக்குவம் பார்த்து வெட்ட வேண்டும். உடைத்தால் வெள்ளைச் சதை போர்த்திய விதைகள் முப்பது நாற்பது இருக்கும். அதைக் குவித்து, வாழையிலை போட்டு மூடி ஐந்தாறு நாள் புளிக்க வைக்க வேண்டும். நடுவில் கிளறிவிட வேண்டும். குவியலில் கை வைத்தால் சுடும்; கள்ளு மாதிரி, பிறகு காடி மாதிரி வாசனை வரும். அதற்கப்புறம் ஒரு வாரம் வெயிலில் காயல். புளிப்பு குறைந்தால் விதையின் உட்புறம் ஊதாவாகவே நின்றுவிடும். வறுத்தாலும் சாக்லேட் மணம் வராது. பக்குவமாகப் புளித்தது பழுப்பு நிறத்தில் வெடிப்போடு இருக்கும். ஒரு கிலோ காய்ந்த விதைக்கு இருபத்தைந்து காயாவது உடைக்க வேண்டியிருக்கும்.

"அந்தப் பொண்ணுகிட்டக் கேளுங்க தம்பி. புளிக்க வெக்கிறத எங்க காட்டுவாங்கன்னு."

கேட்டேன். வழிகாட்டியாக வந்த பெண் நல்ல பெண், சிரித்த முகம். "அது இங்கே இல்லை. விதை ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது" என்று சொல்லி ஒரு தேசப்படத்தைக் காட்டினாள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஸ்விட்ஜர்லாந்துக்கு ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான். அம்புக்குறிக்கு அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. இரண்டு மணி நேரம் சுற்றி வந்ததில் அரசனைப் பார்த்தோம், மாலுமியைப் பார்த்தோம், சீமாட்டியைப் பார்த்தோம், மேதையைப் பார்த்தோம். விதை விளைவிக்கிறவனைப் பார்க்கவில்லை. பொய் சொல்வானேன், பார்த்தோம். கழிப்பறைக்குப் போகும் நடையில், சிரிக்கிற ஒரு குடியானவனின் படம் ஒட்டியிருந்தது. பெயர் இல்லை.

"வேலை தெரிஞ்சவன்" என்று பெரியவர் சொன்னாரே, அந்த ஆளை நான் அப்போதிலிருந்து தேட ஆரம்பித்தேன். சாக்லேட்டின் மணத்துக்கு ஆதாரமே அவன் இலை போட்டு மூடுகிற அந்த ஐந்தாறு நாள்தான் என்றால், "சாக்லேட் உருவாகும் விதம்" என்று காசு வாங்கிக்கொண்டு அவனை விட்டுவிட்டுக் காட்டுவது என்ன நியாயம்? அரிசியைக் காட்டாமல் இட்லிப் பானையை மட்டும் காட்டுகிற கதை அல்லவா?

மத்தியானம் சீஸ். எம்மென்டால் பள்ளத்தாக்கில் அஃபோல்டர்ன் என்கிற கிராமத்தில், ஜனங்கள் பார்ப்பதற்கென்றே அமைத்த பாலாடைக்கட்டி ஆலை. காலையில் பட்ட ஏமாற்றத்துக்கு இங்கே மருந்து கிடைத்தது என்றே சொல்ல வேண்டும். வெளியே பசு மேய்கிறது. உள்ளே தாமிர அண்டாவில் அதன் பால். உறை ஊற்றிக் கட்டியானதும் கம்பி கட்டிய சட்டத்தால் அறுக்கிறார்கள், சுட வைக்கிறார்கள், அச்சில் ஊற்றி அழுத்துகிறார்கள், உப்பு நீரில் முக்குகிறார்கள். பிறகு வெதுவெதுப்பான நிலவறையில் சில வாரம். அங்கேதான் நுண்ணுயிர்கள் வாயுவை உண்டாக்கி, படங்களில் பார்க்கிறோமே, அந்த ஓட்டைகளைப் போடுகின்றன. (ஓட்டை குறைந்துகொண்டே வருகிறதே என்று ஸ்விஸ் விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2015-இல் கண்டுபிடித்த காரணம் வேடிக்கையானது. பழைய நாளில் கறக்கும்போது பால் வாளியில் விழுந்த வைக்கோல் தூசிதான் ஓட்டைக்கு வித்தாம். பால் சுத்தமாகச் சுத்தமாக ஓட்டை போய்விட்டது!) ஒரு சக்கரம் சுமார் 100 கிலோ; அதற்கு ஏறக்குறைய 1,200 லிட்டர் பால். ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் எந்த ஆலையில் செய்தது என்று தெரிந்துகொள்ள எண் போட்டிருக்கிறது. பழுது வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியும். நன்றாயிருந்தால் யாரை மெச்ச வேண்டும் என்றும் தெரியும்.

அங்கே ஒரு சம்பவம். மதுரை அம்மாள் ஒருவர், "உறை என்று ஊற்றுகிறீர்களே, அது என்ன?" என்று கேட்டார். ஆலைக்காரர் மழுப்பவில்லை. "கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது" என்றார். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் கையிலிருந்த துண்டை அப்படியே தட்டில் வைத்துவிட்டார்கள். அவருக்கு அன்றைக்கு வியாபாரம் நஷ்டம். ஆனாலும் உள்ளதைச் சொன்னார். கன்றுக்காக மனம் பதறிய அந்தப் பதினைந்து இருபது பேரையும் நான் பரிகசிக்கவில்லை. என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. ஆனால் காலையில் குழாயடியில் நின்ற கைகளும் இதே கைகள்தானே? அங்கே ஒருவர்கூட, "இதில் யாருடைய குழந்தை இருக்கிறது?" என்று கேட்கவில்லையே. நானும் கேட்கவில்லை.

குழந்தை என்று அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. உலகத்துக் கோக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு தேசங்களிலிருந்து வருகிறது. 2018-19 பருவத்தில் அந்த இரண்டு தேசங்களிலும் கோக்கோ வேலை செய்த குழந்தைகள் சுமார் 15 லட்சத்து 60 ஆயிரம் பேர் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையம் 2020-இல் கணக்குச் சொல்லியது. பெரும்பாலோர் செய்தது வெட்டுக்கத்தி, தலைச்சுமை, பூச்சி மருந்து என்று ஆபத்தான வேலை. இத்தனைக்கும் பெரிய சாக்லேட் கம்பெனிகள் 2001-இலேயே கையெழுத்துப் போட்டு வாக்குக் கொடுத்திருந்தன, இந்தக் கொடுமையின் மோசமான வகைகளை 2005-க்குள் ஒழித்துவிடுவோம் என்று. 2005 என்பது 2008 ஆயிற்று. 2008 என்பது 2010 ஆயிற்று. அப்புறம் "ஒழிப்பது" என்பது "2020-க்குள் 70 சதவிகிதம் குறைப்பது" என்று இளைத்துப் போயிற்று. நம் ஊர்க் கடன்காரன் தவணை சொல்கிற அழகு இதற்கு முன்னால் நிற்குமா?

இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேலை செய்வது தங்கள் சொந்தப் பெற்றோரின் தோட்டத்தில்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே தகப்பன் கொடுமைக்காரன் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவலாமா? கூலிக்கு ஆள் வைக்க அவனுக்கு முடியவில்லை. 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் கோக்கோ டன்னுக்கு 12,000 டாலருக்கு மேல் ஏறியது. அந்தப் பருவத்தில் ஐவரி கோஸ்ட் குடியானவனுக்குச் சர்க்கார் நிர்ணயித்திருந்த விலை கிலோவுக்கு அந்த ஊர் நாணயத்தில் 1,800 பிராங்க். மூன்று டாலர்கூட இல்லை. பயிரை முன்கூட்டியே விற்றுவிடுகிற ஏற்பாடு அது, ஆகையால் உயர்ந்த விலை அவனுக்கு எட்டவில்லை என்பார்கள். இருக்கலாம். எட்டாதது ஒவ்வொரு தடவையும் அவனுக்கேதான் என்பதுதான் எனக்கு விளங்காத சங்கதி.

இனி ஸ்விஸ் சட்டத்தின் விசித்திரம் ஒன்று. 2017 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் சட்டப்படி, ஓர் உணவுப் பண்டத்தின் மேல் ஸ்விஸ் சிலுவையைப் போட வேண்டுமானால் அதன் கச்சாப் பொருள்களில் எடைக்கு 80 சதவிகிதமாவது ஸ்விட்ஜர்லாந்தில் விளைந்திருக்க வேண்டும். பாலானால் முழுக்க முழுக்க அந்த மண்ணின் பால். கோக்கோ? அது அங்கே விளையாது. ஆகையால் கணக்கிலேயே சேர்ப்பதில்லை! இந்தச் சட்டத்தால்தான், 1908-இல் பெர்ன் நகரில் பிறந்த டாப்லரோன் சாக்லேட், உற்பத்தியில் ஒரு பகுதியை ஸ்லோவாகியாவுக்கு மாற்றிக்கொண்டதும், 2023-இல் தன் உறையிலிருந்து மாட்டர்ஹார்ன் மலையை எடுத்துவிட நேர்ந்தது. மலைக்காக எவ்வளவு கண்டிப்பு, பாருங்கள். பசு எந்த மேய்ச்சலில் மேய்ந்தது என்பதைச் சட்டம் கேட்கிறது. மலைப் படம் உண்மையா என்று கேட்கிறது. பண்டத்துக்குப் பெயர் கொடுத்த விதை எந்தக் கையால் வந்தது என்பதை மட்டும், "அது நம் ஊரில் விளையாது" என்று சொல்லி விட்டுவிடுகிறது. நான் பார்த்த மாளிகையின் அம்புக்குறி இந்தச் சட்டத்தின் சித்திரம்தான்.

ஸ்விஸ் ஜனங்களைத் திட்டுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். 2020 நவம்பரில் அங்கே ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. ஸ்விஸ் கம்பெனிகள் அந்நிய தேசத்தில் மனிதருக்கு இழைக்கும் தீங்குக்குச் சொந்த நாட்டுக் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டுமா என்பது கேள்வி. வாக்களித்தவர்களில் 50.7 சதவிகிதம் பேர் "வேண்டும்" என்றார்கள். மாகாணங்களில் பெரும்பான்மை "வேண்டாம்" என்றதால் தோற்றுப் போயிற்று. பாதிக்கு மேற்பட்ட ஜனங்களின் மனச்சாட்சி விழித்துத்தான் இருக்கிறது.

விழித்திருப்பதற்குக் காரணமும் உண்டு. நாங்கள் சீஸ் தின்ற அஃபோல்டர்னிலிருந்து சில கிலோமீட்டரில் லுட்ஸல்ஃப்ளூ என்ற ஊர். அங்கே பாதிரியாராக இருந்த ஆல்பெர்ட் பிட்சியஸ் என்பவர் எரேமியாஸ் கோட்ஹெல்ஃப் என்ற பெயரில் நாவல்கள் எழுதினார், 1854-இல் இறந்தார். 1850-இல் அவர் எழுதிய ஒரு நாவல் சீஸ் ஆலையைப் பற்றியதே. பள்ளிக்கூடம் கட்ட வேண்டிய கிராமத்தார், அதை விட்டுவிட்டுப் பால் பணத்துக்கு ஆசைப்பட்டுச் சீஸ் ஆலை கட்டுகிறார்கள்! அவருடைய முதல் நாவல் 1837-இல் வந்தது. பண்ணை வேலைக்கு விடப்பட்ட ஓர் ஏழைப் பையனின் கதை. அந்தக் காலத்தில் ஸ்விஸ் கிராமங்களில் அநாதைகளையும் ஏழைக் குழந்தைகளையும் கூட்டத்தில் நிறுத்தி, "இதைக் குறைந்த செலவில் யார் வைத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டுப் பண்ணைக்காரனிடம் ஒப்படைப்பார்கள். ஏலம் மேலே ஏறாது, கீழே இறங்கும். குழந்தை மாட்டுக் கொட்டிலில் உழைக்கும். அந்த வழக்கம் உருமாறி 1960-கள் வரை நீடித்தது. 2013 ஏப்ரலில் மந்திரி சிமோனெட்டா சொம்மாருகா, உயிரோடிருந்த அந்தக் "குழந்தைகளை" பெர்ன் நகருக்கு அழைத்துச் சர்க்கார் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2017-இல் வந்த சட்டப்படி ஆளுக்கு 25,000 பிராங்க் ஈட்டுத் தொகை.

இதை எங்கள் வழிகாட்டி சொல்லவில்லை. சீஸ் ஆலையிலும் சொல்லவில்லை. அங்கே எல்லாம் காட்டினார்கள் என்று மெச்சினேனே, அந்த மெச்சுதலில் இவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனாலும் அந்த மண்ணின் குழந்தைக்கு அந்த மண்ணிலேயே எழுத ஓர் ஆள் பிறந்தான். நூற்றெழுபத்தாறு வருஷம் கழித்தாவது மன்னிப்பு வந்தது. கோக்கோக் குழந்தைக்கு நூற்றெழுபத்தாறு வருஷம் காத்திருக்கச் சொல்லலாமா?

"ஊர் சுற்றப் போன இடத்தில் ஏன் ஐயா இந்த ஒப்பாரி? ஒரு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டு வரக் கூடாதா?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். கூடாது என்று யார் சொன்னது? சந்தோஷமாக இருக்கிற இடத்துக்குச் "சாக்லேட் விருந்து" என்று பெயர் வைக்கட்டும். நானும் வந்து ஒரு கை பார்க்கிறேன். "உருவாகும் விதம்" என்று பெயர் வைத்தால் விதத்தைக் காட்ட வேண்டும். இன்னொரு நண்பர் குத்தலாகவே கேட்டார்: "போன வருஷம் நீர் எங்களை நீலகிரியில் தேயிலைத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனீரே, அங்கே எந்தக் கூலிக்காரியைக் காட்டினீர்?" பதில் சொல்ல முடியவில்லை. இலையைச் சுருட்டும் இயந்திரத்தைக் காட்டினேன். ஏலக்காய் டீ வாங்கிக் கொடுத்தேன். புதுமைப்பித்தன் 1935-இலேயே 'துன்பக்கேணி' எழுதிவிட்டார். அதைப் பத்துத் தடவை படித்தவன் நான். அடுத்த முறை கொழுந்து கிள்ளுகிறவர்களின் லயத்தையும் காட்டிவிட்டுத்தான் தொழிற்சாலைக்குள் நுழைவது என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

நான் கேட்பது பெரிய காரியமே அல்ல. அந்த மாளிகையில் சீமாட்டிகளின் பீங்கான் கோப்பைக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்களே, அதே அளவில் ஓர் அறை. அதில் ஒரு குவியல், வாழையிலை, புளித்த வாசனை. அதைச் செய்கிறவர் ஒருவரைப் பெயர் சொல்லி, கிலோவுக்கு அவருக்கு என்ன கிடைத்தது என்று எழுதிய ஒரு பலகை. சீஸ் சக்கரத்தில் போடுகிறார்களே, அது மாதிரி சாக்லேட் உறையிலும் எந்தத் தோட்டம், எந்தக் கூட்டுறவுச் சங்கம் என்று ஒரு வரி. முடியாத காரியம் என்று சொல்ல முடியாது. சின்னச் சின்னத் தயாரிப்பாளர்கள் சிலர் ஏற்கெனவே போடுகிறார்கள். சின்னவனுக்கு முடிவது பெரியவனுக்கு ஏன் முடியவில்லை?

ஊர் திரும்பி ஒரு மாதம் இருக்கும். ஆனைமலையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. தம் தோப்பில் விளைந்து, தாமே புளிக்க வைத்துக் காயப்போட்ட விதை ஒரு கிலோ. "வறுத்துத் தோல் நீக்கிச் சாப்பிடுங்க தம்பி. சர்க்கரை போடாதீங்க" என்று துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தார். என் மனைவி வாணலியில் வறுத்தாள். வீடு முழுக்க அந்த வாசனை. பக்கத்து வீட்டு மாமி மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்து, "என்ன, இன்னும் ஸ்விட்ஜர்லாந்து சாக்லேட் மிச்சம் இருக்கிறதா?" என்று கை நீட்டினார். இரண்டு விதையை வைத்தேன். கடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன இது, இப்படிக் கசக்கிறதே!"

"உட்காருங்கள் மாமி, சொல்கிறேன்" என்று நாற்காலியை எடுத்துப் போட்டேன்.